ஒற்றை இறால்

ஜெனிதாவின் அம்மா மலரிடம் ஒரு சிவப்பு வெல்வெட் பை இருந்தது. சோடி தொலைந்த தோடு, கொழுக்கி அறுந்த சங்கிலித் துண்டு, கல் விழுந்த மோதிரம் எல்லாம் அதற்குள்தான் போகும். "ஒற்றையாக் கிடந்து என்ன செய்யப்போகுது" என்று சொல்லிக்கொண்டே அம்மா பையின் வாயைச் சுருக்கிக் கட்டுவார். பிறகு ஒருநாள் அது பத்தரிடம் போய், உருகி, வேறொரு நகையாக வீட்டுக்குத் திரும்பும். ஒஸ்லோவின் புறநகரான அம்மருட்டில் எந்தத் தமிழ் வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் இப்படி ஒரு பை இருக்கும், நிறம்தான் மாறும். அதில் யாரும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அடுத்தவளின் பொருளைத் தூக்கி அதற்குள் போட்டால் அதற்குப் பெயர் வேறு. அந்தப் பெயரை அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள் ஜெனிதா. அதுவும் தம்பியின் கலியாணத்துப் பொன்னுருக்கு அன்று, வீடு நிறையச் சனம் இருக்கும்போது. சொன்னதற்காக அவள் ஒருநாளும் வருந்தியதில்லை.

முதலில் அந்தப் பொருள் என்னவென்று சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல்தானே எல்லாரும் அவளைப் பிடாரி என்கிறார்கள்.

ஜெனிதா ஒஸ்லோவில் ஓர் ஏல நிறுவனத்தில் வேலை செய்தாள். பத்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இங்கேயே உலோக வேலைப்பாடு படித்தவள். விற்பனைக்கு வருகிற பழைய பொருள் என்ன, எந்தக் காலத்தது, அசலா போலியா என்று பார்த்து எழுதுவது அவள் பொறுப்பு. அதிலும் யப்பானிய வாள்களின் உறுப்புகள் என்றால் அவளுக்குப் பைத்தியம். வாளின் அலகு அல்ல. அலகுக்குத்தான் ஆயிரம் பேர் வாய் பிளக்கிறார்களே. அதன் மேல் பூட்டுகிற சின்னச் சின்னச் சாமான்கள்: கைக்காப்புத் தட்டு, பிடியின் வாய்க்கட்டு, நுனி மூடி, பிடியைச் சுற்றும் நாடாவுக்கடியில் பாதி புதைந்து கிடக்கும் மெனுகி என்கிற சிற்றுருவம். ஒரு வாளுக்கென்று ஒரே கையால் சேர்த்துச் செய்தவை இவை. பிறகு வந்த வியாபாரிகளும் கப்பற்காரரும் கழற்றிக் கழற்றி விற்று, உலகம் முழுவதும் சிதறடித்துவிட்டார்கள். மூடி ஒரு நாட்டில், வாய்க்கட்டு இன்னொரு நாட்டில். எது எதனோடு பிறந்தது என்று பார்த்துச் சேர்ப்பதைப் போல ஒரு சுகம் வேறு எதிலும் இல்லை என்பாள் ஜெனிதா.

அவளுக்கென்று சொந்தமாக இருந்தது ஒன்றே ஒன்று. பிர்க்கலுண்டன் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் பழஞ்சாமான் சந்தையில், சட்டையில் குத்தும் உடைந்த புறோச் என்று ஒருவன் தட்டில் போட்டு வைத்திருந்தான். பெருவிரல் நீளத்தில் ஒரு தங்க இறால். முதுகு வளைந்து, மீசை பின்னுக்குப் படிந்து, வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது. முன்பக்கத்தைப் பார்த்து யாரும் எதையும் சொல்லலாம். ஜெனிதா அதைத் திருப்பிப் பார்த்தாள். மெல்லிய தங்கத் தகட்டை உள்ளிருந்து தட்டித் தட்டி எழுப்பியிருந்தான் அந்த ஆசாரி. உளியின் ஒவ்வொரு அடியும் உள்ளே கூர்மையாகத் தெரிந்தது. அச்சில் வார்த்த போலி என்றால் அந்த இடம் மொழுமொழுவென்று இருக்கும். நடுவில் ஒரு சின்னக் குழல். அதன் பக்கத்தில் நகக்கண் அளவு பொன் இதழ் ஒன்றை ஒட்டி, அதில் இரண்டு எழுத்து வெட்டியிருந்தான். அது ஒரு குடும்பப் பெயர்.

மெனுகியைச் சோடியாகத்தான் செய்வார்கள். பிடியின் இந்தப் பக்கத்துக்கு ஒன்று, அந்தப் பக்கத்துக்கு ஒன்று. ஒன்றின் முதுகில் தண்டு இருக்கும். மற்றதன் முதுகில் அதை வாங்குகிற குழல் இருக்கும். நம்முடைய தோட்டுக்கும் அதைப் பின்னால் பூட்டும் சுரைக்கும் உள்ள உறவுதான். சில ஆசாரிகள் கையெழுத்தையும் இரண்டாகப் பிரித்து, ஒன்றில் குடும்பப் பெயரையும் மற்றதில் தங்கள் பெயரையும் வெட்டினார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் செய்தவன் யாரென்று தெரியும். ஜெனிதாவிடம் இருந்தது குழல் உள்ள இறால். தண்டு உள்ளது, பெயர் உள்ளது, எங்கேயோ இருந்தது. அதை அவள் வருடக்கணக்காகத் தேடினாள். இணையத்தில் வாள் பைத்தியங்கள் கூடுகிற பக்கங்களில் தன் இறாலின் முதுகைப் படம் எடுத்துப் போட்டு, இதன் மற்றதைக் கண்டவர் உண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இறாலையும் எவனாவது தங்கத்திலை செய்வானோ? குழம்பு வைக்கவும் உதவாது" என்று அம்மா சிரிப்பார். அவ்வளவுதான் அவருக்கு அதைப் பற்றித் தெரிந்தது. தெரிந்துகொள்ள ஒருநாளும் விரும்பியதும் இல்லை.

அந்த வீட்டில் இன்னொரு சோடி தேடும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. ஜெனிதாவின் சாதகத்தையும் ஒரு படத்தையும் அம்மா நாலு நாட்டுக்கு அனுப்பியிருந்தார். கனடாவிலிருந்து ஒரு குடும்பம் நிறத்தைப் பார்த்து வேண்டாம் என்றது. லண்டன் குடும்பம் செவ்வாயைச் சொன்னது. பேர்கனிலிருந்து ஒருத்தன் நேரே வந்து, இவள் போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்து, இவளோடு ஒரு வார்த்தை கதைக்காமல் எழும்பிப் போனான். எல்லாரும் முன்பக்கத்தைப் பார்த்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தராவது திருப்பிப் பார்த்தார்களா? கடைசியில் இரண்டு வயது இளையவன், தம்பி மதுரனுக்கு முதலில் அமைந்துவிட்டது. பெண் சாருகா நல்ல பிள்ளை. அதில் ஜெனிதாவுக்குச் சந்தோசம்தான். ஆனால் அந்த நாளிலிருந்து வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் தம்பிக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு இவளைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்கள். பெருமூச்சு விட்டவர்களின் மூக்கை உடைக்க வேண்டும் போல் இருக்கும் அவளுக்கு.

கலியாணம் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு இரண்டு கிழமைக்கு முன்பு பேர்கனிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஹால்வார்ட் என்று ஒரு கிழவர், கப்பலில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு படம் இணைத்திருந்தார். ஒரு தங்க இறாலின் முதுகு. நடுவில் தண்டு. பக்கத்தில் பொன் இதழ். எழுத்து மங்கலாகத் தெரிந்தது. "இது உன்னுடையதன் மற்றதென்று நினைக்கிறேன். படத்தை நம்பி நான் எதையும் சொல்வதில்லை. கொண்டு வருகிறேன், பூட்டிப் பார்ப்போம். பூட்டினால் இரண்டும் ஓரிடத்தில் இருக்கட்டும், உன்னிடமே இருக்கட்டும்" என்று எழுதியிருந்தார். கலியாணத்துக்கு முதல்நாள், சனிக்கிழமை, ரயிலில் வருவதாக ஏற்பாடு. ஜெனிதா வேலையிடத்தில் கதவைச் சாத்திவிட்டு அழுதாள். வீட்டில் சொன்னாள். கலியாண அவசரத்தில் யார் காதிலும் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பொன்னுருக்கு. தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரத்தில் சபை பார்க்க உருக்க வேண்டும். விடிந்ததுமே அம்மா ஜெனிதாவைப் பிடித்து, "ஸ்ட்ரோம்மன் தையற்கடையிலை தம்பியின்ரை கோட்டுக்குக் கை நீளம் குறைக்கக் குடுத்தது, போய் எடுத்துக்கொண்டு ஓடி வா" என்றார். அன்றைக்கே எடுக்க வேண்டிய கோட்டு அல்ல அது. சனம் வந்து ஜெனிதாவைக் கண்டால் உனக்கு எப்போ என்று கேட்கும். அதற்கு ஒளித்துத்தான் அம்மா அவளை அனுப்பினார். ஜெனிதாவுக்கும் அது விளங்கியது. கேள்விக்குத் தப்பினால் போதுமென்று அவளும் போனாள்.

திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவிக்கு அப்பா சபாரத்தினம் குளியல் தொப்பி ஒன்றை மாட்டிக் கட்டியிருந்தார். கூடத்தின் நடுவில் பத்தர் சச்சிதானந்தன் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காஸ் சுடர் ஊதும் குழாயும் பொன் உருக்கிக் கறுத்துப்போன மூசைக் கிண்ணமும். உருகிய பொன்னைத் தாம்பாளத்தில் பூவுக்கும் வெற்றிலைக்கும் நடுவில் வைத்து ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வா பிள்ளை, நல்ல நேரத்துக்கு வந்திட்டாய்" என்று புஷ்பமலர் மாமி தாம்பாளத்தை அவள் பக்கம் நீட்டினார். அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை. எந்தச் சடங்கிலும் முன்வரிசையில் நிற்பவர்.

ஜெனிதா பொன்னைத் தொட்டாள். இன்னும் சூடு ஆறவில்லை.

"நல்லாத் தொடு" என்றார் அம்மா. முகமெல்லாம் சிரிப்பு. "உன்ரை பங்கும் இதுக்குள்ளை இருக்கு."

"என்ரை என்ன பங்கு?"

"அதுதான், அந்த ஒற்றை இறால். சும்மாதானே கிடந்தது. அக்காவின்ரை பொன்னும் ஒரு பொட்டு தம்பியின்ரை தாலியிலை இருக்கட்டுமெண்டு பவுணோடை சேர்த்துப் போட்டனான்."

"உனக்குத்தான் மச்சாள் இப்பிடியெல்லாம் யோசிக்க வரும்" என்றார் மாமி.

ஜெனிதா நேரே தன் அறைக்குப் போனாள். மேசை லாச்சியில் மரப்பெட்டி இருந்தது. திறந்தாள். பச்சைத் துணியில் இறாலின் அளவுக்கு அவள் வெட்டியிருந்த பள்ளம் வெறுமனே கிடந்தது. பெட்டியை மூடி, பழையபடி லாச்சியில் வைத்து, லாச்சியையும் தள்ளிச் சாத்தியிருந்தார் அம்மா. எவ்வளவு ஒழுங்கு! அந்த ஒழுங்கைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

வெளியே வந்து தாம்பாளத்தில் இருந்த பொன்னைக் கையில் எடுத்து மூடிக்கொண்டாள்.

"இதுக்குப் பேர் களவு, அம்மா."

அப்பா எழும்பி வந்து அவள் தோளில் கை வைத்தார். "பிள்ளை, இண்டைக்கு வேண்டாம். நல்ல காரியம் நடக்கிற இடம்."

"நல்ல காரியம் எண்டால் என்ரை அறையைத் திறந்து என்ரை சாமானை எடுக்கலாமோ? என்னைக் கேட்டனீங்களோ?"

"கேட்டால் தந்திருப்பியோ?" என்றார் அம்மா.

"தந்திருக்கமாட்டன்!"

"பார்த்தியளே? அதுக்குத்தான் கேக்கேல்லை."

இப்படி ஒரு நியாயத்தை வேறு எந்த நாட்டுச் சட்டத்திலும் காண முடியாது. அம்மாவின் சட்டத்தில் அது முதலாவது பக்கத்திலேயே இருக்கிறது.

"அக்கா, ஸ்லாப் ஆவ், ப்ளீஸ்" என்றான் மதுரன், கொஞ்சம் ஆறுதலாக இரு என்று நோர்வேஜிய மொழியில் கெஞ்சி. பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம். "எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. அதைவிடப் பாரமா ஒண்டு வேண்டித் தாறன்."

"பாரத்தைக் கொண்டுபோய்க் கொட்டு! நான் பொன்னைக் கேட்டனானோ? இருநூறு வருசத்துக்கு முன்னம் ஒருத்தன் உள்ளுக்கிருந்து தட்டித் தட்டிச் செய்தது. அதின்ரை மற்றது நாளைக்குப் பேர்கனிலையிருந்து வருது. நாளைக்கு! இவ்வளவு காலம் தேடி, நாளைக்கு. நான் இரண்டு கிழமையாச் சொல்லிக்கொண்டு திரியிறன், இந்த வீட்டிலை ஒரு செவியெண்டாலும் திறந்திருந்ததோ?"

பத்தர் மெல்லத் தொண்டையைச் செருமினார். "பின்னாலை ஏதோ எழுத்து வெட்டியிருந்தது, தங்கச்சி. நான் கடை முத்திரையாக்குமெண்டு நினைச்சன்."

"பார்த்தனீங்களோ? பார்த்திட்டே போட்டனீங்கள்?"

"அம்மா தந்தவ. வீட்டுச் சாமான் எண்டவ. ஒற்றையெண்டவ. நான் என்னத்தைக் கண்டன்?"

"ஒற்றைதானே!" அம்மாவுக்கும் இப்போது சூடு ஏறிவிட்டது. சபையில் மானம் போகிறதல்லவா. "ஒரு ஒற்றைச் சாமானுக்கு இந்தக் கூத்தோ? எத்தினை வருசமா அந்தப் பெட்டிக்குள்ளை கிடக்குது. ஒருத்தருக்கும் உதவாமல் கிடந்ததை நான் ஒரு நல்ல இடத்திலை சேர்த்துவிட்டனான். உனக்குத்தான் ஒண்டும் பொருந்தி வரேல்லை. உன்ரை சாமானாவது ஒரு தாலியிலை ஏறட்டுமெண்டு நினைச்சது என்ரை பிழையோ?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அம்மாவுக்கே விளங்கியிருக்க வேண்டும். புஷ்பமலர் மாமி தாம்பாளத்துப் பூவைச் சரிசெய்தார். ஒருத்தரும் ஜெனிதாவை நேரே பார்க்கவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் எல்லாருக்கும் வசதியாக இருந்திருக்கும். கட்டிப் பிடித்து, தண்ணீர் கொடுத்து, சமாளித்திருப்பார்கள்.

பத்தர்தான் பேசினார். "மனக்குறையோடை வந்த பொன்னிலை நான் தாலி அடிக்கமாட்டன், சபாரத்தினம் அண்ணை. என்ரை தொழிலுக்குக் கூடாது. பிள்ளை மனசாரத் தந்தனான் எண்டு ஒரு வாய்ச்சொல் சொல்லட்டும். இல்லாட்டி இன்னொரு நாள் பார்த்து வேறை பொன் உருக்குவம்."

ஞாயிற்றுக்கிழமை கலியாணம். மண்டபம், சமையல், ஐயர், வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய சொந்தக்காரர். இன்னொரு நாள் ஏது? எல்லாக் கண்ணும் ஜெனிதாவின் மூடிய கையில் வந்து நின்றது. எடுத்தவர் ஒருவர், உருக்கியவர் ஒருவர், தொட்டுக் கும்பிட்டவர்கள் இத்தனை பேர். பொய் சொல்ல வேண்டியவள் மட்டும் இவள்.

"சொல்லு பிள்ளை" என்றார் அம்மா. "உன்ரை தம்பியெல்லோ?"

"சொல்லுறன்" என்றாள் ஜெனிதா. "அதுக்கு முதல் நீங்கள் உங்கடை தோட்டிலை ஒண்டைக் கழட்டித் தாங்கோ."

"என்னது?"

"ஒண்டு போதும். மற்றதைப் போட்டுக்கொண்டு கலியாணத்துக்கு வாங்கோ."

அம்மாவின் கை தன்னை அறியாமல் காதுக்குப் போனது. சிவப்புக் கல் பதித்த தோடு. ஜெனிதாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தக் காதில் இருக்கிறது.

"உனக்கு விசரோ? நான் ஒற்றைத் தோட்டோடை எப்பிடிச் சபையிலை நிக்கிறது?"

"நான் நிக்கிறன்தானே."

யாரோ ஒரு கிண்ணத்தைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. அப்பா, "மலர், வேண்டாம், புருசன் இருக்கேக்கை தோட்டைக் கழட்டக் கூடாது" என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். அம்மா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டு, வலக்காதுக்குப் பின்னால் விரலைக் கொண்டுபோய்ச் சுரையைத் திருகினார். அது அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். காது சிவந்தது. கடைசியில் கழன்றது. அம்மா தோட்டையும் சுரையையும் ஜெனிதாவின் மற்றக் கையில் வைத்து அமத்தினார்.

"இந்தா. இப்ப சொல்லு."

ஜெனிதா பொன்னைத் தாம்பாளத்தில் போட்டாள். அது தட்டில் பட்டு உருண்டது.

"மனசாரத் தந்தனான்" என்றாள். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது அந்தச் சொல். பத்தருக்கு அது போதுமாக இருந்தது.

அன்று முழுவதும் தாயும் மகளும் கதைக்கவில்லை. ஜெனிதா தோட்டைக் கொண்டுபோய் மரப்பெட்டிக்குள், இறாலின் பள்ளத்துக்குள் எறிந்தாள். மறுநாள் காலை ஹால்வார்ட் கிழவரை மறித்துவிடுவோமா என்று தொலைபேசியை எடுத்தாள். அவர் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டார். மறிக்கத் தைரியமும் இல்லை, உண்மையைச் சொன்னால்.

சனிக்கிழமை மாலை மத்திய ரயில் நிலையத்துக் கோப்பிக் கடையில் சந்தித்தார்கள். நீண்ட, ஒல்லியான மனிதர். கோப்பி வரும்வரைகூடப் பொறுக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய தகரப் பெட்டியை எடுத்து, பஞ்சை விலக்கி, அவள் முன்னால் வைத்தார்.

இறால். வால் மறுபக்கம் சுருண்டிருந்தது. மீசை அதே மாதிரிப் பின்னுக்குப் படிந்திருந்தது. ஜெனிதா அதைத் திருப்பினாள். அதே உளி, அதே கை. பொன் இதழில் பெயர் தெளிவாக இருந்தது. வாசித்தாள். இத்தனை வருடம் தேடிய பெயர். தண்டைச் சுட்டுவிரலால் தடவினாள். பூட்டிப் பார்க்கவே தேவையில்லை, இது அதுதான்.

"உன்னுடையதை எடு" என்றார் ஹால்வார்ட்.

சொன்னாள். பொன்னுருக்கு என்றால் என்னவென்று ஒரு நோர்வேஜியருக்கு விளங்கப்படுத்திக்கொண்டே, அம்மாவை நாலு வார்த்தை திட்டிக்கொண்டே, சொன்னாள். கிழவரின் முகம் கறுத்தது. மேசையில் கையால் அடித்தார். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள்.

"உருக்கிவிட்டார்களா? உருக்கியா விட்டார்கள்? நேற்றுவரைக்கும் என்னுடையதற்கு எங்கேயோ ஒரு சோடி இருந்தது. கிடைக்காவிட்டாலும் இருந்தது. இனி இல்லை. அதைச் சொல்லவா என்னை இவ்வளவு தூரம் வரவைத்தாய்?"

"நானா உருக்கினேன்?" ஜெனிதாவுக்கும் பொறுக்கவில்லை. "என் பொருள் போய்விட்டது. நான் உங்களுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமா?"

அவள் கையோடு கொண்டுவந்திருந்த மரப்பெட்டியை அவர் எரிச்சலோடு இழுத்துத் திறந்தார். பள்ளத்துக்குள் சிவப்புக் கல் தோடு கிடந்தது.

"இது என்ன?"

அதையும் சொன்னாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது அவள் குரலில். கிழவர் தோட்டை எடுத்தார். கல்லைப் பார்க்கவில்லை, அவள் செய்வதைப் போலவே நேரே திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்தார்.

"திருகு புரி தேய்ந்து போயிருக்கிறது. தண்டும் ஒரு பக்கம் மெலிந்திருக்கிறது. காதோடு உரசி உரசி. இதை ஒருத்தர் கழற்றாமல் ஓர் ஆயுள் முழுக்கப் போட்டிருக்கிறார்." தோட்டைப் பெட்டிக்குள் வைத்தார். "உன் அம்மா தெரியாமல் ஒரு சோடியைப் பிரித்தார். நீ தெரிந்துகொண்டு பிரித்திருக்கிறாய். உன் வேலை என்னவென்று சொன்னாய்?"

தன்னுடைய இறாலைப் பஞ்சில் சுற்றி, தகரப் பெட்டியை மூடி, எழும்பி, திரும்பும் ரயிலைப் பார்க்கப் போய்விட்டார். வந்த கோப்பி இரண்டும் அப்படியே இருந்தன. ஜெனிதா அவர் முதுகைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். கிழவனுக்கு என்ன தெரியும்? இவளை எத்தனை வீட்டுக்காரர் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று தெரியுமா? அந்தச் சபையில் நின்றவள் அவரா இவளா?

பிறகு பெட்டியைத் திறந்து தோட்டைத் திருப்பிப் பார்த்தாள். கிழவர் சொன்னது சரி. புரி ஏறக்குறைய இல்லை. ஊரிலிருந்து வரும்போது மற்ற நகையெல்லாம் ஒவ்வொன்றாகப் போனது அவளுக்குத் தெரியும். இது போகவில்லை. எந்தப் பொருளைக் கண்டாலும் திருப்பிப் பார்க்கிறவள், தினமும் கண் முன்னால் இருந்த இந்த ஒன்றை இவ்வளவு காலமும் திருப்பிப் பார்த்ததில்லை. அதுவும் அவளுக்கு ஆத்திரத்தைத்தான் தந்தது. யார் மேல் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கலியாண மண்டபம். நாதஸ்வரம் ஒலிநாடாவில் அலறியது. ஜெனிதா தோட்டைக் கைப்பையில் கொண்டுவந்திருந்தாள். பெட்டகத்தில் அம்மாவுக்கு வேறு தோடுகள் இருந்தன. முத்துத் தோடு ஒன்று, கனடா மாமி கொடுத்தது ஒன்று. அதில் ஒரு சோடியைப் போட்டுக்கொண்டு வருவார் என்றுதான் நினைத்தாள். யார்தான் நினைக்கமாட்டார்கள்?

அம்மா மணவறைக்குப் பக்கத்தில் நின்றார். மாம்பழ நிறக் காஞ்சிபுரம், கொண்டையில் பூ, இடக்காதில் சிவப்புக் கல். வலக்காது வெறுமையாக இருந்தது. முடியை இழுத்து மறைக்கக்கூட இல்லை. நன்றாக வாரிக் கட்டி, எல்லாரும் பார்க்கட்டும் என்று விட்டிருந்தார். சம்பந்தி வீட்டார் பார்த்தார்கள். பெண்கள் காதுக்குள் கதைத்தார்கள். புஷ்பமலர் மாமி ஓடிப்போய், "மச்சாள், தோடு விழுந்திட்டுதோ?" என்று சத்தமாகக் கேட்டார், தெரியாதவர் போல.

"விழேல்லை" என்றார் அம்மா, அதைவிடச் சத்தமாக. "குடுத்தனான்."

ஜெனிதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். தாலியைத் தேங்காய்த் தட்டில் வைத்துச் சபைக்குள் ஆசீர்வாதத்துக்குக் கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். அவளுடைய இறால் அதற்குள் எங்கேயோ இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அம்மாவின் முன்னால் போய்க் கையை விரித்தாள்.

"இந்தாங்கோ. போடுங்கோ. சனம் பார்க்குது."

அம்மா தோட்டைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். கண்ணில் கோபம் கொஞ்சமும் இறங்கியிருக்கவில்லை.

"வேண்டாம். மனசாரத் தந்தனான்."

அதே சொல். அதே குரல். ஜெனிதாவுக்கு யாரோ நெஞ்சில் குத்தியது போல் இருந்தது. இந்தப் பிடிவாதம் தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது அது பட்டுச் சேலை கட்டிக்கொண்டு எதிரே நின்றது. பிறகு ஜெனிதா தன் வலக்காதில் இருந்த ஜிமிக்கியைக் கழற்றிக் கைப்பைக்குள் எறிந்தாள். இடக்காதில் இருந்ததையும் கழற்றி எறிந்தாள். அம்மாவின் தோட்டை எடுத்து வலக்காதில் மாட்டினாள். பின்னால் சுரை ஏறவில்லை. புரி தேய்ந்த சுரை. ஏறி ஏறி வழுக்கியது. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"விடு" என்றார் அம்மா.

அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, காதைப் பிடித்து, தோட்டை ஒரு பக்கமாகச் சரித்து நெருக்கி, அதன் வழிக்கு மட்டும் இணங்குகிற அந்தச் சுரையைத் திருகினார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. கோபத்தோடு, தேவையானதைவிட இறுக்கி. காது எரிந்தது. ஜெனிதா ஆ என்று சொல்லவில்லை. மேளம் உச்சத்துக்குப் போனது. மதுரன் தாலியைக் கட்டினான். எல்லாரும் எழும்பி அரிசி எறிந்தார்கள். இவர்கள் இருவரும் ஆளுக்கொரு காதில் ஆளுக்கொரு சிவப்புக் கல்லோடு, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல், பக்கத்தில் பக்கத்தில் நின்று எறிந்தார்கள்.